பதினெட்டிலிருந்து நூற்றைந்து வரை

குருமண்காட்டுக் கடையில்
கண்ணாடி மேசைமேல் மூன்று லென்ஸ்.

ஒன்று பதினாறு – ஐம்பது.
கையில் எடுத்தால் எடுத்தது தெரியாது,
சூம் பண்ணினால் ஆமைத் தலைபோல வெளியே நீளும்,
எங்கள் றோட்டுச் செம்புழுதியை
உறிஞ்சிக்கொண்டு உள்ளே போகும்.

மற்றது புத்தம் புதிது, எஃப் இரண்டு தசம் எட்டு.
விளக்குச் சுடர் ஒன்றே போதும் அதற்கு.
விலை இரண்டு லட்சத்து எழுபதாயிரம்.
தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தேன்.

மூன்றாவது, ஆரோ பாவித்தது.
பதினெட்டு – நூற்றைந்து, எஃப் நாலு.
விளிம்பில் ஒரு கீறல், மூடி இல்லை.
ஒரு லட்சத்துப் பத்து.

என் பொக்கற்றில் சீட்டுக்காசு,
கழிவு போகத் தொண்ணூற்றாறு.

கடைக்கார டிலக்சன் நல்ல பெடியன்.
"அண்ணை, உங்களுக்கு ஏன் சூம்?
ஐம்பது பிரைம் ஒண்டு எடுங்கோ, மலிவு, நல்ல கூர்.
ஆள் தூரமெண்டா நடந்து கிட்டப் போங்கோ.
கால்தான் அண்ணை உலகத்திலேயே நல்ல சூம்."
சொல்லி முடிய என் காலைப் பார்த்தான்.
பிறகு கல்குலேற்றரைப் பார்த்தான்,
அதில் கணக்கு ஒன்றும் இருக்கவில்லை.

நான் கோபிக்கவில்லை.
முழங்காலுக்குக் கீழே இது எனக்கு மூன்றாவது.
முதலாவது முகாமில் தந்தது,
ஆருடையதோ அளவு.
மவுண்ட் பொருந்தாவிட்டால்
எவ்வளவு நல்ல சாமானும் பாரம்தான் தம்பி.

நடந்து கிட்டப் போகலாம்தான்.
சிவப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று
அந்தப் பக்கத்துப் பனையைப் பார்த்த ஊரில்
அந்தச் சொல்லுக்கு
கடைசிவரை காசு கட்டி முடிவதில்லை.

அதை விடு. தொழிலைப் பேசுவோம்.
விசுவமடுவில் சாமத்தியவீடு:
வீட்டுத்திட்ட விறாந்தை, அகலம் பத்தடி.
பிள்ளை, கேக், மாமிமார் ஏழு பேர்,
ஏழாவது மாமி எப்போதும் தூணுக்குப் பின்னால்.
அவவைக் கொண்டுவரப் பதினெட்டு வேணும்.
வற்றாப்பளைப் பொங்கலுக்கு
நான் ஊன்றின இடத்தில் ஊன்றினபடி நிற்பேன்,
சனம் என்னைச் சுற்றி ஓடும்;
தூரத்தில் செடில் குத்தினவனின் கண்ணுக்கு
நூற்றைந்து வேணும்.
பின்னேரமானால் துண்டம் வீங்கும், உடம்பு ஆடும்;
இதற்குள் ஆட்டம் அடக்குகிற பொறி இருக்கிறது,
வைத்தியருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு விலை.

எஃப் நாலு இருட்டில் திணறும், தெரியும்.
ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் குறுணல் அரிசியாகும்.
ஆகட்டும்.
வட்சப்பில் அனுப்பச் சொல்கிற சனம்
குறுணலை எண்ணுவதில்லை,
தாங்கள் மெலிவாய் வந்தால் போதும்.

போன் டோர்ச்சை லென்சுக்குள் அடித்தேன்.
பூஞ்சணம் இல்லை.
உள்ளே ஒரேயொரு தூசி,
எந்த ஊர்த் தூசியோ.
"வித்த பெடியன் கனடா போட்டான் அண்ணை."
சூம் வளையம் திருப்ப, உடம்பு நீளவில்லை,
எல்லாம் உள்ளுக்குள்ளேயே ஓடியது.
அது எனக்குப் பிடித்தது.

வாசலுக்கு வெளியே நூற்றைந்தில் ஒன்று எடுத்தேன்:
பஸ்ஸுக்கு நிற்கிற மனிசி
மிச்சக்காசை எண்ணுகிறாள், உதடு அசைகிறது.
பதினெட்டில் ஒன்று:
கடை முழுக்க, டிலக்சன், மின்விசிறி,
கீழ் விளிம்பில் கூப்பிடாமலே வந்து நிற்கிறது
என் சப்பாத்து.
பெரிதாக்கினோம்.
லேஸ் முடிச்சின் நூலிழை தனித்தனியாகத் தெரிந்தது.
மூலை கொஞ்சம் மங்கல்.
"அளிக்கவோ அண்ணை?"
"இல்லை, இருக்கட்டும். கூர் பாக்கத்தானே எடுத்தது."

தொண்ணூற்றாறு கையில்,
பத்து ஆவணிக் கலியாணங்கள் முடிய.
மிச்ச நாலை அவன் பேசவில்லை,
நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இரவு வீட்டில் கேமலதா
குசினியிலிருந்து போத்தல் மூடி ஒவ்வொன்றாய்க் கொண்டுவந்து
லென்சின் வாயில் வைத்துப் பார்க்கிறாள்.
ஜாம் மூடி சின்னன்.
மா டின் மூடி பெரிசு.
தேசிக்காய் ஊறுகாய் மூடி
டக்கென்று இருந்தது.
மூன்று தரம் கழுவியாயிற்று,
மணம் மட்டும் போகுதில்லை.